எம். பக்தவத்சலம்

மீஞ்சூர் கனகசபாபதி பக்தவத்சலம் (அக்டோபர் 9, 1897 – பெப்ரவரி 13, 1987) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் சென்னை மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சரும் ஆவார். 1963 அக்டோபர் 2 முதல் 1967 மார்ச் 6 வரை முதலமைச்சராகப் பதவி வகித்தார். இந்திய தேசிய காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த கடைசித் தமிழக முதலமைச்சர் இவரே. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை அடுத்த சிற்றூரில் பிறந்த இவர், அதே பகுதியில் உள்ள திருப்பெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியில் மூன்று முறை போட்டியிட்டார். இரு முறை வென்ற இவர், முதலமைச்சராக இருந்தபோது நடந்த மூன்றாவது தேர்தலில் தோல்வியுற்றார்.

இளமைக் காலம்

பக்தவத்சலம் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள நசரத்பேட்டையில் பிறந்தார். அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், தற்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இவரது தந்தை கனகசபாபதி முதலியார். இளம் வயதிலேயே தந்தையை இழந்த இவர், உறவினர்களின் ஆதரவில் வளர்ந்தார். அவர்களுள் ஒருவரான சி. என். முத்துரங்க முதலியார் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் நடுவண் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சென்னையில் சட்டம் பயின்ற பக்தவத்சலம், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

விடுதலைப் போராட்டத்தில்

1930 ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. பக்தவத்சலம் அதில் கலந்துகொண்டு காயமுற்றார். 1932 இல் விடுதலை நாள் கொண்டாட்டத்தை முன்னின்று நடத்தியதற்காகச் சிறை சென்றார். 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மீண்டும் கைது செய்யப்பட்டு, 1944 இல் விடுதலையானார்.

சட்டமன்ற, அமைச்சர் பணிகள்

1937 ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தேர்தலில் திருவள்ளூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இராஜாஜி அமைச்சரவையில் நாடாளுமன்றச் செயலராகப் பணியாற்றினார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி, முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைச் சந்தித்ததும் இந்த அமைச்சரவையே. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைக் கேளாமல் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியபோது இவரும் பதவி விலகினார்.

1947 இல் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1952 இல் நடைபெற்றது. அத்தேர்தலில் காங்கிரஸ் 375 இடங்களுள் 152 இடங்களை மட்டுமே பெற்றுப் பெரும்பான்மையை இழந்தது. தோல்வியுற்ற அமைச்சர்களுள் பக்தவத்சலமும் ஒருவர்.

எனினும் 1954 இல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் இவர் இடம்பெற்றார். இவர் அமைச்சராக இருந்த காலத்தில், 1955 சனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. சமதர்மப் பாணியிலான சமுதாயம் அமைப்பதைக் கட்சியின் குறிக்கோளாக ஏற்ற தீர்மானம் அம்மாநாட்டில்தான் நிறைவேறியது.

1957 இல் திருப்பெரும்புதூர் தொகுதியில் வென்று உள்துறை அமைச்சரானார். 1962 இல் அதே தொகுதியில் மீண்டும் வென்று நிதி, கல்வி ஆகிய துறைகளை ஏற்றார்.

முதலமைச்சர்

மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது காமராஜர் திட்டம் எனப்படுகிறது. அதன்படி காமராஜர் 1963 அக்டோபர் 2 அன்று பதவி விலக, பக்தவத்சலம் முதலமைச்சரானார்.

இவரது ஆட்சிக் காலத்தில் சென்னையின் மேற்குப் புறநகர் தொழிற்பகுதியாக மாறிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. 1961 இல் தொடங்கப்பட்ட ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965 இல் வெளிவந்தது. இத்தொழிற்சாலை நடுவண் அரசுக்குரியது. மாநிலத் தொழில்துறை அமைச்சராக, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் இருந்தார். 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

1964 திசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தருக்குப் பெரிய நினைவு மண்டபம் எழுப்ப இவரது அரசு முதலில் உடன்படவில்லை. ஏக்நாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பங்களைத் திரட்டிய பின்னரே இசைவு கிடைத்தது.

1965 ஆம் ஆண்டு மொழிப்போராட்டம்

இந்திய அரசியலமைப்பின்படி, ஆங்கிலம் அலுவல் மொழியாகத் தொடர்வதற்கு அளிக்கப்பட்ட 15 ஆண்டுக் காலம் 1965 சனவரி 26 அன்று முடிவடைய இருந்தது. அதன் பின்னரும் ஆங்கிலத்தைப் பயன்படுத்த 1963 ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம் இடமளித்தது. ஆனால், அது ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்கு உறுதி தரவில்லை என்று திராவிட முன்னேற்றக் கழகம் கருதியது. இந்நிலையில், தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றைக் கொண்ட மும்மொழித் திட்டத்தை 1964 மார்ச்சில் பக்தவத்சலம் சட்டமன்றத்தில் பரிந்துரைத்தார்.

1965 குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் தி.மு.க. அறிவித்தது. முந்தைய நாளே அண்ணாதுரை உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டனர். அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ் கட்சியினருக்கும் இடையே ஏற்பட்ட மோதல் கலவரமாகி மாநிலம் முழுவதும் பரவியது. சென்னையின் மேற்குப் பகுதிகளான கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தீக்குளித்து உயிர்நீத்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். போராட்டத்தை முதன்மையாக முன்னெடுத்தவர்கள் மாணவர்கள். பக்தவத்சலமோ இதனைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கருதி, காவல்துறையையும் துணை இராணுவப் படையையும் கொண்டு ஒடுக்க முற்பட்டார். அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 70 பேர் உயிரிழந்தனர்.

தமிழகத்தைச் சேர்ந்த நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ. வி. அழகேசன் ஆகியோர் பெப்ரவரி 11 அன்று பதவி விலக முன்வந்தனர். அன்றே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, ஆங்கிலம் தொடரும் என வானொலியில் உறுதியளித்தார். அதன் பின்னர்ப் போராட்டம் படிப்படியாகத் தணிந்தது.

1967 ஆம் ஆண்டுத் தேர்தல்

மொழிப்போராட்டத்தின் தாக்கம் நீங்குவதற்குள் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மழைக் குறைவால் அரிசி விலை உயர்ந்தது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி வழங்குவதாகத் தி.மு.க. வாக்குறுதி அளித்தது. அக்கட்சியின் கூட்டணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சியும் இடம்பெற்றன. 1937 இல் பக்தவத்சலம் எவருடைய ஆட்சியில் பணியாற்றினாரோ, எவருடைய ஆட்சி இந்தியைக் கட்டாயமாக்கியதோ, அந்த இராஜாஜியே இப்போது இந்தித் திணிப்பை எதிர்த்து எதிரணியில் நின்றார்.

தேர்தலில் 234 இடங்களுள் தி.மு.க. 137 இடங்களையும், காங்கிரஸ் 51 இடங்களையும் பெற்றன. இரு கட்சிகளும் தனித்தனியே பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 விழுக்காடாகவே இருந்தன. ஆயினும் எதிர்ப்பு வாக்குகள் ஒரே கூட்டணியில் திரண்டதால் இடங்களின் எண்ணிக்கையில் பெரும் வேறுபாடு ஏற்பட்டது. திருப்பெரும்புதூரில் தி.மு.க. வேட்பாளர் து. இராசரத்தினம், முதலமைச்சர் பக்தவத்சலத்தை ஏறத்தாழ 9,000 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார். காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். துப்பாக்கிக் குண்டுக் காயத்துடன் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆர்., பரங்கிமலைத் தொகுதியில் வென்றார்.

1967 மார்ச் 6 அன்று அண்ணாதுரை முதலமைச்சரானார். அவரது ஆட்சியில் 1968 சனவரியில் மும்மொழித் திட்டம் கைவிடப்பட்டு இருமொழிக் கொள்கை ஏற்கப்பட்டது.

பிற்காலத்தில் தொகுதிகள்

தொழிற்சாலைகளுடன் மக்கள்தொகையும் பெருகியதால் இப்பகுதியின் தொகுதிகள் பலமுறை மாற்றியமைக்கப்பட்டன. பூந்தமல்லி 1977 தேர்தல் முதல் தனித்தொரு தொகுதியாக இருந்து வருகிறது. அம்பத்தூர்ப் பகுதியை உள்ளடக்கியிருந்த வில்லிவாக்கம், தமிழ்நாட்டில் மிக அதிக வாக்காளர்களைக் கொண்ட தொகுதிகளுள் ஒன்றாக வளர்ந்தது. 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் ஆகிய புதிய தொகுதிகள் உருவாக்கப்பட்டன. அவை 2011 இல் முதல் தேர்தலைச் சந்தித்தன. பக்தவத்சலம் போட்டியிட்ட திருப்பெரும்புதூர் பின்னாளில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது. 2021 தேர்தலில் அத்தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் கு. செல்வப்பெருந்தகை வென்றார்.

இறுதிக் காலம்

தோல்விக்குப் பின்னர்ப் பக்தவத்சலம் படிப்படியாகத் தீவிர அரசியலிலிருந்து விலகினார். 1987 பெப்ரவரி 13 அன்று தமது 89 ஆம் வயதில் காலமானார். இவரது மகள் சரோஜினி வரதப்பன் சமூக சேவகர். பேத்தி ஜெயந்தி நடராஜன் 2011 முதல் 2013 வரை நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தார்.

சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இவருக்கு நினைவிடம் உள்ளது. அம்பத்தூரை அடுத்த கொரட்டூரில் இவரது பெயரில் மகளிர் கல்லூரி ஒன்று இயங்குகிறது. காந்தி மண்டப வளாகத்தில் மொழிப்போர்த் தியாகிகளுக்கும் மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.