வெப்பத்தைத் தேடிய அறிஞர் ருடால்ஃப் டீசல்

உலகில் தோன்றி மறைந்த அறிஞர் பலர். அவர்களுள் தாம் கண்ட பொருளுக்குத் தம் பெயரையே விட்டுச் சென்றவர் மிகச் சிலரே. நாள்தோறும் நம் காதில் விழும் ‘டீசல்’ என்ற சொல் ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவரே ருடால்ஃப் டீசல்.

இவர் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மானியரான இவர்கள் பாரிஸை விட்டு லண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. அப்போது 12 வயதே ஆகியிருந்த ருடால்ஃப், பெற்றோரைப் பிரிந்து, ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நம்மைவிட இளைய வயதில் தனியே சென்ற அச்சிறுவன் மனம் தளரவில்லை. உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1879-இல் டைஃபாய்டு காய்ச்சலால் தேர்வு எழுத இயலாமற் போயிற்று. ஆயினும் 1880 ஜனவரியில் எழுதி மிகச் சிறந்த முறையில் தேறினார்.

இவருடைய பேராசிரியர், குளிர்பதனப் பொறிகளை அமைத்துப் புகழ் பெற்ற கார்ல் வான் லிண்டே ஆவார். அவரிடமே டீசல் பணியில் சேர்ந்தார். பாரிஸில் பனிக்கட்டி செய்யும் ஆலையில் வேலை. பகலெல்லாம் குளிரை உண்டாக்கிய அவருடைய உள்ளமோ வெப்பத்தையே நாடியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றின. எஞ்சியதெல்லாம் வீண். இவ்வீணைத் தடுப்பதே அவர் வாழ்வின் நோக்கமாயிற்று.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் தொட்டு அறிந்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இவ்வெளிய உண்மையின் மீதே டீசல் தம் எஞ்சினை எழுப்பினார். சிலிண்டருக்குள் வெறும் காற்றைப் பிஸ்டன் மிகக் கடுமையாக அழுத்தும். அக்காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அந்நேரத்தில் எண்ணெயைத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல மின்பொறி தரும் ஸ்பார்க் பிளக் இதற்குத் தேவையில்லை.

எண்ணம் எளிது, செயலோ அரிது. 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் முதற்சோதனை நடந்தது. எண்ணெய் பற்றியது, ஆனால் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் பின்வாங்கவில்லை. மாற்றி அமைத்த எஞ்சினை, தொழிற்சாலையின் பொதுத் தண்டிலிருந்து வந்த தோல் வாரினால் சுழற்றி, மீண்டும் மீண்டும் சோதித்தார். 1894 பிப்ரவரி 17 அன்று, அதுவரை வாரினால் இழுக்கப்பட்ட எஞ்சின் தானே அவ்வாரை இழுக்கத் தொடங்கியது. ஒரே ஒரு நிமிடம்தான் ஓடியது. எனினும் அந்த ஒரு நிமிடமே வெற்றியின் தொடக்கம். 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில், எண்ணெயின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாறுவது தெரிந்தது. உலகம் வியந்தது.

புகழும் செல்வமும் வந்தன. ஆனால் செல்வம் நிலைக்கவில்லை. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள், ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து நோக்கி ‘டிரெஸ்டன்’ என்ற கப்பலில் புறப்பட்டார். இரவு உணவுக்குப் பின் தம் அறைக்குச் சென்றவரை மறுநாள் காலையில் காணவில்லை. சில நாட்களுக்குப் பின் கடலில் மாலுமிகள் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்த பொருள்களைத் தந்தையுடையவை என்று அவர் மகன் அடையாளம் காட்டினார். 55 வயதில் அவ்வாழ்வு முடிந்தது.

அவர் எஞ்சினை மோட்டார் வாகனங்கள் ஏற்றுக்கொண்டதை அவர் காணவில்லை. 1920-களில் லாரிகளிலும், 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற காரிலும் அது இடம்பெற்றது. அப்போது ஒரு பழைய பகை தலைதூக்கியது. அதுதான் குளிர். வெளியே கடுங்குளிர் நிலவினால் சிலிண்டரின் இரும்பு, அழுத்திய காற்றின் சூட்டைப் பறித்துக்கொள்கிறது. மசகெண்ணெய் கெட்டியாகிறது, பேட்டரியின் வலுக் குறைகிறது, எஞ்சின் மெல்லச் சுழல்கிறது. டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியையும் அடைத்துவிடும். ஸ்பார்க் பிளக் இல்லாத எஞ்சினுக்குச் சூடு ஒன்றே துணை. அத்துணையும் போனால் அது என்ன செய்யும்?

பின்வந்த பொறியாளர்கள் வழி கண்டனர். சிலிண்டர்தோறும் குளோ பிளக் என்ற சிறு மின்கம்பி முனையை வைத்தனர். சாவியைத் திருப்பியதும் அது செக்கச் சிவக்கிறது. டிரைவர் முன்னுள்ள சிறுவிளக்கு அணையும்வரை பொறுத்திருந்து பின் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 1983-இல் வந்த ஃபோர்டு டீசல் பிக்கப் வண்டியின் எட்டு சிலிண்டருக்கும் எட்டு குளோ பிளக்குகள் இருந்தன. 1989-இல் வந்த கம்மின்ஸ் எஞ்சின் கொண்ட டாட்ஜ் பிக்கப்போ வேறு வழியை மேற்கொண்டது. உள்ளே நுழையும் காற்றையே மின்சாரத்தால் காயும் உலோகப் பட்டைகள் சூடாக்கின. கனடா, அலாஸ்கா போன்ற உறைபனிப் பகுதிகளில் இதுவும் போதாது. அங்கே இரவில் வண்டியின் முன்புறம் தொங்கும் மின்கம்பியை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வைக்கிறார்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை ஒரு ஹீட்டர் விடியும்வரை இளஞ்சூடாக வைத்திருக்கும். வெயிலில் வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றினும், அங்கே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

டீசலின் வாழ்வை எண்ணும்போது நமக்கு ஒன்று புலனாகிறது. மலையேறும் வலிமை பெற்ற எஞ்சினுக்கும் முதல் சில நொடிகளில் பிறர் தரும் வெப்பம் வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டாலோ தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உறவினர் இல்லமும் உதவித்தொகையும் ஆசிரியரின் அன்பும் இளம் ருடால்ஃபுக்கு அத்தகைய வெப்பத்தைத் தந்தன. தொடக்கத்தில் உதவி பெறுவது இழுக்கன்று. பெற்றபின் ஓடாமல் நிற்பதே இழுக்கு. வகுப்பில் தயங்கி நிற்கும் தோழி ஒருத்திக்கு அந்த முதல் வெப்பத்தை நாமும் தருவோமாக.