பொருளியல் அறிஞர் ஷூமாக்கர்

எர்ன்ஸ்ட் பிரெடரிக் ஷூமாக்கர் 1911-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள பான் நகரிற் பிறந்தார். பின்னர் இங்கிலாந்திற் குடியேறினார். இரண்டாம் உலகப் போரின்போது பகைநாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டார். பண்ணைக் கூலியாளாகவும் உழைத்தார். 1950 முதல் 1970 வரை பிரிட்டிஷ் தேசிய நிலக்கரி வாரியத்தில் பணியாற்றினார்.

இடையே 1955-இல் பர்மிய அரசுக்குப் பொருளாதார ஆலோசனை கூறச் சென்றார். மிகுதியாக நுகரும் நாடே முன்னேறிய நாடு என்பது மேனாட்டுப் பொருளியலார் கொண்ட அளவுகோல். பர்மிய மக்களின் வாழ்வைக் கண்ட அவர், அவ்வளவுகோல் பிழையென உணர்ந்தார். எண்வகை மார்க்கத்தில் நல்வாழ்க்கை ஓர் அங்கமாதலின், அதற்கேற்ற பொருளியலும் உண்டெனத் துணிந்தார். உழைப்பு மனிதனின் ஆற்றலை வளர்க்க வேண்டும். கூடி உழைப்பதால் தன்னலம் தேய வேண்டும். தேவையான பொருளும் விளைய வேண்டும் என 1966-இல் பௌத்தப் பொருளியல் பற்றி எழுதினார். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் கருத்தையும் அதில் எடுத்தாண்டார்.

விலையுயர்ந்த பேரியந்திரங்கள் நகரில் நிறுவப்படின் சிற்றூர் ஏழைக்கு வேலை கிட்டாது என்பதை உணர்ந்து, எளிய கருவிகளைப் பரப்ப ஓர் அமைப்பையும் தோற்றுவித்தார். 1971-இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார், 1977-இல் காலமானார்.

எத்திட்டம் தீட்டப்படினும், இயந்திரம் மனிதனுக்கு ஏவல் செய்யுமா, மனிதன் இயந்திரத்துக்கு ஏவல் செய்வானா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். அவர் வாழ்வு நமக்குணர்த்துவது இதுவே.