அரவிந்தரைப் படம் பிடித்த பிரெஞ்சுக்காரர்

1950-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் அறை ஒன்றுக்குள் பிரெஞ்சுக்காரர் ஒருவர் நுழைந்தார். கையில் சின்னஞ்சிறு கேமரா.

அறைக்குள் ஸ்ரீ அரவிந்தர் அமர்ந்து இருந்தார். சுமார் 30 ஆண்டுகளாக அவரைப் படம் எடுக்க யாருக்கும் அனுமதி கிடைத்தது இல்லை.

தவளக்குப்பத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் இடம்தான். ஆனாலும், அங்கே வந்தவர் எப்பேர்ப்பட்டவர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஆன்றி கார்த்தியே பிரெசோன். 1908-ல் பாரீசுக்கு அருகே பிறந்தவர். நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பம். ஓவியம் படித்தார். 1932-ல் லைக்கா கேமரா வாங்கினார். சினிமாப் பிலிமில் படம் எடுக்கும் சிறிய கேமரா அது. பிறர் கண்ணை உறுத்தாமல் இருக்க, அதன் பளபளப்பான பாகங்களைக் கறுப்பாக மறைத்துவிட்டார். பிளாஷ் விளக்கு என்றாலே அவருக்குப் பிடிக்காது.

யுத்தம் வந்தது. கேமராவை மண்ணில் புதைத்து வைத்தார். 1940-ல் ஜெர்மானியர்களிடம் சிக்கினார். இரண்டு தடவை தப்பி ஓடிப் பிடிபட்டார். மூன்றாம் தடவை, 1943-ல், தப்பியே விட்டார். புதைத்த கேமராவைத் தோண்டி எடுத்தார்!

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி. டெல்லியில் காந்தி அடிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். இருட்டும் வேளையில், பிர்லா மாளிகை வாசலில், காந்தி மறைந்த செய்தியை நேரு ஜனங்களுக்குச் சொன்னார். மங்கிய விளக்கொளி, முண்டியடிக்கும் கூட்டம். ஸ்டாண்டு வைக்க ஏது இடம்? கையில் பிடித்தபடியே எடுத்தார். படம் சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் துயர இரவை அதைவிட நன்றாகக் காட்டும் படத்தை நான் பார்த்தது இல்லை.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 50 மி.மீ. லென்ஸ். அதை ஒரு வினாடியில் 50-ல் ஒரு பங்குக்கு மேல் திறந்து வைத்தால் கை நடுக்கம் தெரியும் என்பது தொழில்காரர்களின் கணக்கு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். சுவரோ தூணோ இருந்தால் சாய்ந்துகொள்வது நல்லது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் போச்சு!

கை அசையாவிட்டாலும், எதிரே இருப்பவர் அசைந்தால் தீர்ந்தது.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். 14-ந்தேதி இரவு ரமணர் மறைந்தபோது அங்கேதான் இருந்தார். அங்கிருந்து புதுச்சேரி வந்தார்.

ஆசிரம அறையில் அவர் இருந்தது சுமார் 10 நிமிஷம். அத்தனை நேரமும் அரவிந்தர் கண்ணைக்கூட இமைக்கவில்லை என்று பிறகு எழுதினார். கேமராக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் படம் விழுந்ததா இல்லையா என்பது பிலிமைக் கழுவினால்தான் தெரியும். இன்னொரு நாள் வந்து எடுக்கலாம் என்பதும் நிச்சயம் இல்லை.

படங்கள் நன்றாகவே விழுந்திருந்தன.

அதே ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி அரவிந்தர் மறைந்தார். முதுமையில் கேமராவை ஒதுக்கிவிட்டுப் பென்சில் பிடித்து வரைந்துகொண்டிருந்த பிரெசோன், 2004-ல் தம் 95-வது வயதில் காலமானார்.