கடல் கடந்த கைதி துரைச்சாமி



தமக்கு எதிராக எழுந்தவர்களைக் கப்பலேற்றிக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிடுவது ஆங்கிலேய ஆட்சியின் வழக்கமாக இருந்தது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1798இல் கிளர்ந்தெழுந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலரும் அவர்களுள் அடங்குவர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நம் தமிழ் மண்ணின் போராளிகளுக்கும் இதே தண்டனை கிடைத்தது. அவர்களுள் ஒருவரான துரைச்சாமியின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

நம் கிருஷ்ணகிரிப் பகுதி 1792இல் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஓசூரும் போயிற்று. தெற்கே சிவகங்கைச் சீமையில் பெரிய மருது, சின்ன மருது சகோதரர்கள் 1801இல் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார்கள். இந்து மரபில் வாழ்ந்த அவர்கள் சருகணி ஆலயத்துக்கு மானியம் அளித்ததை அங்குள்ள கிறிஸ்தவ மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

சின்ன மருதுவின் மகன்தான் துரைச்சாமி. அப்போது அவருக்கு வயது சுமார் 15. அக்டோபர் மாதம் காளையார்கோவில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்கள். குடும்பத்தைச் சேர்ந்த மற்ற ஆண்களுக்கும் அதே முடிவு நேர்ந்தது. சிறுவன் என்பதால் துரைச்சாமியின் உயிர் தப்பியது. ஆனால் ஊர் தப்பவில்லை. 1802 பிப்ரவரியில், தூத்துக்குடித் துறைமுகத்தில், விலங்கிட்ட 70க்கும் மேற்பட்ட கைதிகளோடு அவரும் கப்பலேற்றப்பட்டார். போய்ச் சேர்ந்த இடம் பினாங்குத் தீவு. வெப்பமும் நோயும் பிரிவும் பலரைத் தின்றன.

தூத்துக்குடியில் அவரைக் காவல் காத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. போருக்கு முந்தைய நல்ல நாட்களில் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர் அவர். அந்த நட்பை எண்ணிச் சிறுவனிடம் இரக்கம் காட்டினார்.

1818இல் வெல்ஷ் உடல்நலத்துக்காகப் பினாங்கு சென்றிருந்தார். தளர்ந்த மெலிந்த ஒரு கிழவர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைச்சாமி! அப்போது அவருக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருக்கும். அதற்குள் பதினாறு ஆண்டுகள் அவரைக் கிழவராக்கியிருந்தன.

அவர் விடுதலை கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் உறவினர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்டார். விதிமுறைக்குப் புறம்பானது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். மனம் வருந்தினார், தம் நூலிலும் அதை எழுதி வைத்தார், ஆனாலும் கடிதத்தை வாங்கவில்லை. 

எகிப்தில் யோசேப்பு தம் சகோதரர்களை அடையாளம் கண்டுகொண்டார். அவர்களோ அவரை அறியவில்லை. பினாங்கிலும் அப்படித்தான். அனுப்பப்பட்டவர் மறக்கவில்லை, அனுப்பியவரால் அடையாளம் காண முடியவில்லை. யோசேப்பின் கதை குடும்பம் ஒன்றுசேர்வதில் முடிகிறது. துரைச்சாமிக்கோ ஒரு கடிதம்கூட வாய்க்கவில்லை.

வெல்ஷ் கொடியவர் அல்லர். இரக்கமுள்ளவர்தான். ஆனால் விதி அனுமதித்த எல்லையோடு அவருடைய இரக்கம் நின்றுவிட்டது. நம் இரக்கம் எங்கே நிற்கிறது?

சிறையிலிருப்போரைத் தேடிச் செல்வதை நம் திருச்சபை இரக்கச் செயல்களுள் ஒன்றாகக் கற்பிக்கிறது. நம் மாவட்டத்திலும் ஒரு குடும்பத்தில் ஒருவர் சிறை சென்றுவிட்டால், அந்த வீட்டு வாசலை மிதிக்கவே தயங்குகிறோம். ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் பீகார், ஒடிசா, அசாம் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்து உழைக்கும் இளைஞர்கள் ஏராளம். அவர்கள் யாருடைய கைதிகளும் அல்லர். ஆயினும் நோயில் விழும்போதும், வீட்டில் ஒரு சாவு நேரும்போதும், மொழி தெரியாமல் தவிக்கும்போதும் ஒரு துணையைத் தேடுகிறார்கள். நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் அவர்களுள் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

துரைச்சாமி கேட்டது மிகச் சிறிய உதவி. நம்மிடம் கேட்கப்படுபவையும் பெரும்பாலும் சிறியவைதாம். இந்த வாரம் அப்படி ஒருவர் நம்மிடம் வந்தால், அவர் நீட்டும் கடிதத்தை வாங்கிக்கொள்வோம்.