தம்பிக்காகக் கட்டிய தோட்டம்: ‘புலித் தைலம்’ ஆவ் பூன் ஹாவ்

பால்மரம் வெட்டி வந்த கை வலித்தாலும் சரி, பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் சரி, தோட்டத்து லயங்களில் முதலில் தேடப்பட்டது அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டிதான். ஆறு பக்கப் புட்டி, மேலே பாயும் புலிப் படம். அதை ஊரெங்கும் விற்றவரின் பெயர் நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்டதில்லை. ஆனால், சிங்கப்பூருக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாசிர் பாஞ்சாங்கில் நரகத்தைப் பார்த்துவிட்டு இரவில் தூங்காமல் கிடந்த கதையைச் சொல்வார்கள். தைலமும் நரகமும் ஒரே மனிதரின் கைவண்ணம்.

ஆவ் பூன் ஹாவ் பிறந்தது 1882ஆம் ஆண்டு, பர்மாவின் ரங்கூனில். தந்தை ஆவ் சூ கின் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த ஹக்கா வைத்தியர். ‘எங் ஆன் தோங்’ என்ற மருந்துக் கடை வைத்திருந்தார். மூன்று மகன்கள். மூத்தவர் சிறுவயதிலேயே இறந்துவிட, இருவர் மிஞ்சினர். ஹாவ் என்றால் புலி, தம்பியின் பெயரிலுள்ள பார் என்றால் சிறுத்தை. அடங்காத பிள்ளையாக இருந்த புலியைத் தந்தை சீனாவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்பினார். சிறுத்தை ரங்கூனிலேயே தங்கி ஆங்கிலம் படித்தது.

1908இல் தந்தை காலமானார். கடையைத் தனியாகச் சமாளிக்க முடியாத தம்பி, அண்ணனை அழைத்தார். அண்ணனுக்கு விற்கத் தெரியும், தம்பிக்கு மருந்து தெரியும் என்று சொல்வது கொஞ்சம் எளிமையாக்கிச் சொல்வதுதான். ஆனாலும், அவர்கள் தொழில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. கற்பூரம், மெந்தால், கிராம்பு எண்ணெய், நமக்குப் பழக்கமான காயு பூத்தே எண்ணெய் எல்லாம் சேர்ந்த தந்தையின் களிம்புக்கு அண்ணன் தம் பெயரையே வைத்தார். அதில் புலியின் எந்தப் பாகமும் கிடையாது.

1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். நீல் ரோட்டில் அவர்களின் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தம் காருக்கு முன்னால் புலித் தலையைப் பொருத்தி, உடம்பெல்லாம் வரி அடித்து, ஹாரன் அடித்தால் உறுமும்படி செய்து வீதியில் ஓட்டினார் பூன் ஹாவ். பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் கொடுத்து மாளாது என்று தாமே பத்திரிகை தொடங்கினார். 1929இல் சிங்கப்பூரில் அவர் தொடங்கிய ‘சின் சியூ’வின் பெயரில்தான் இன்றும் மலேசியாவில் சீன நாளிதழ் ஒன்று வெளிவருகிறது.

சம்பாதித்ததில் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுத்தார். தம்பி மீதும் அதே அளவு தாராளம். பாசிர் பாஞ்சாங்கில் கடலைப் பார்த்த குன்றில் நிலம் வாங்கி, தம்பிக்காக மாளிகை எழுப்பினார். 1937இல் வேலை முடிந்தது. மாளிகையைச் சுற்றியிருந்த சரிவெங்கும் சீனப் புராணக் கதைகளைச் சிமெண்டுச் சிலைகளாக வடித்து, வண்ணம் பூசி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். கட்டணம் இல்லை. செல்வந்தர்களின் தோட்டங்கள் மதிலுக்குள் இருந்த காலம் அது. ரிக்‌ஷா இழுப்பவரும் துறைமுகக் கூலியும் தங்கள் பிள்ளைகளோடு ஒரு பணக்காரரின் தோட்டத்தில் உலாவினார்கள். அங்கே புலிச் சிலைகளும் இருந்தன, தைல விளம்பரமும் இருந்தது. தர்மத்தையும் வியாபாரத்தையும் அவர் என்றும் பிரித்துப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஐந்து வருடம்கூட நிம்மதி நிலைக்கவில்லை. ஜப்பானியர் வந்தபோது தம்பி ரங்கூனுக்குப் போய்விட்டார். அண்ணன் ஹாங்காங்கில் இருந்தார். அங்கே ஜப்பானியரோடு ஒத்துப்போனார் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் அவரைத் துரத்தியது. மாளிகையை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹோ குவோங் இயூ 1942இல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார். கடலைக் கண்காணிக்க வசதியான அந்தக் குன்று ராணுவத்தின் கைக்குப் போனது. 1944இல் தம்பி ரங்கூனில் இறந்தார். அவருக்காகக் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது சில வருடங்கள்தான்.

போர் முடிந்து திரும்பிய பூன் ஹாவ், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்டார். மறுபடி கட்டவில்லை. தோட்டத்தை மட்டும் விடவில்லை. புதுப்புதுச் சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1954 செப்டம்பரில், அமெரிக்காவில் சிகிச்சை முடிந்து ஹாங்காங் திரும்பும் வழியில், ஹோனலூலுவில் அவர் உயிர் பிரிந்தது.

இப்போது அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் உண்டு. ஹாவ் பார் வில்லா பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கினால் வாசலே எதிரில். சிரிக்கும் புத்தர் பக்கத்தில் நின்று படம் எடுக்காதவர் இல்லை. மனிதத் தலையும் நண்டு உடம்புமாக இருக்கும் சிலையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துப் புரள்வார்கள். மாமியாருக்குத் தாய்ப்பால் ஊட்டும் மருமகள் சிலைக்கு முன்னால் பெரியவர்கள் கொஞ்சம் திகைத்து நிற்பார்கள். எல்லாரும் கடைசியில் தேடிப் போவது நரகத்தின் பத்து நீதிமன்றங்களைத்தான். நாக்கைப் பிடுங்குவது, கத்தி மரத்தில் எறிவது என்று ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தண்டனை. ஐந்தாம் நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர் யென்லுவோ. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போன நம் எமன்தான் அவர். அவரைத் தெரியாமலேயே நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை அவர் முன்னால் நிறுத்தி, பொய் சொன்னால் இதுதான் கதி என்று மிரட்டியிருக்கிறார்கள்.

1985இல் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1990இல் படகுச் சவாரியும் நுழைவுக் கட்டணமும் சேர்த்து ‘டிராகன் வேர்ல்ட்’ என்ற கேளிக்கைப் பூங்காவாக அது திறக்கப்பட்டது. கொஞ்ச காலம் கூட்டம் வந்தது. பிறகு மக்கள் விலகிப் போனார்கள், நட்டம் ஏறியது. காசு கொடுத்துப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட இடமல்ல அது. கட்டணத்தை எடுத்த பிறகுதான் குடும்பங்கள் மெல்லத் திரும்பின. 2021இல் நரகப் பகுதி மட்டும் அருங்காட்சியகமாக மாறியது. அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். மற்ற தோட்டம் முழுவதும் இன்றும் இலவசம்.

அடுத்த முறை ஜொகூர் பாலம் தாண்டிப் போகிறவர்கள், நரகத்தைப் பார்த்த கையோடு கிளம்பிவிடாமல் மேலே ஏறிப் போங்கள். பெற்றோருக்கும் சகோதரர்கள் இருவருக்கும் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. வெயிலுக்கு முன், காலையிலேயே போய்விடுவது நல்லது.