வால்பரைசோத் துறைமுகத்தில் ரூபன் தாரியோ

ஸ்பானியக் கவிதையின் போக்கைத் திருப்பிய 'அசூல்' என்னும் சிறுநூல் 1888 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் கரையிலமைந்த வால்பரைசோ என்னும் வணிகத் துறைமுகத்தில் அச்சேறி வெளிவந்தது. நூலுக்குரியவர் அவ்வூரினர் அல்லர். சிலி நாட்டினரும் அல்லர். ஈராண்டுகளுக்கு முன் தன்னந்தனியராய்க் கப்பலேறி வந்த நிகராகுவா நாட்டு இளைஞர். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 21. ரூபன் தாரியோ என்றதும் அன்னப்பறவையும் இளவரசியரும் பளிங்கு மண்டபமுமே பலருக்கு நினைவில் எழும். அந்நினைவு அவரைப் பாதியளவே காட்டுவது என்பதற்கு வால்பரைசோவில் அவர் கழித்த நாட்கள் சான்றாக நிற்கின்றன.

1867 ஜனவரி 18 அன்று நிகராகுவாவின் மெத்தாபா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெலிக்ஸ் ரூபன் கார்சியா சர்மியேந்தோ. தாயும் தந்தையும் பிரிந்துவிட, லெயோன் நகரில் பாட்டி முறையினரான பெர்னார்தா என்பவரின் வீட்டில் வளர்ந்தார். முன்னோர் ஒருவரின் பெயரால் அக்குடும்பத்தை ஊரார் தாரியோ வீட்டார் என அழைத்து வந்தனர். கவிஞர் அதனையே தம் பெயராக்கிக்கொண்டார். சிறுவயதிலேயே கவிதை புனைந்து குழந்தைக் கவிஞர் எனப் பெயர் பெற்றார். 1882 இல் எல் சல்வதோர் நாட்டுக்குச் சென்றபோது, பிரான்சிஸ்கோ கவிதியா என்னும் கவிஞர் விக்தோர் ஹியூகோவின் கவிதைகளை அவருக்கு அறிமுகம் செய்தார். பிரெஞ்சு யாப்பின் ஓசையை ஸ்பானிய மொழியில் ஒலிக்கச் செய்யலாம் என்னும் எண்ணம் அங்கேதான் கருக்கொண்டது.

ஆயினும் சிறிய நாட்டில், சிறிய அவைகளில், திருமண வாழ்த்தும் இரங்கற்பாவும் எழுதிக் காலங்கழிக்கும் நிலை அவரை வாட்டிற்று. காதலில் நேர்ந்த கசப்பும் சேர்ந்தது. எல் சல்வதோர் நாட்டுப் படைத்தலைவரும் கவிஞருமான ஹுவான் ஹோசே கான்யாஸ், சிலி நாட்டுக்குப் போகும்படி அவரைத் தூண்டினார். கப்பல் இல்லையென்றால் நீந்தியாவது போகவேண்டும், வழியில் மூழ்கினாலும் குற்றமில்லை என்னும் அளவுக்கு அவர் வற்புறுத்தினாராம். அறிமுகக் கடிதங்கள் சிலவற்றைப் பெற்றுக்கொண்டு, 1886 ஜூன் மாதத் தொடக்கத்தில் கொரிந்தோத் துறையில் ஜெர்மானிய நீராவிக் கப்பல் ஒன்றில் தாரியோ ஏறினார். அம்மாத இறுதியில் வால்பரைசோவில் இறங்கினார். நிலநடுக்கோட்டை அடுத்த வெப்பநாட்டுப் பிள்ளைக்குத் தென்கோளத்தின் குளிர்காலம் வரவேற்பளித்தது.

வால்பரைசோ அந்நாளில் தென்னமெரிக்கப் பசிபிக் கரையின் தலைமைத் துறைமுகங்களுள் ஒன்று. மகல்யானிஸ் நீரிணை வழியே வரும் கப்பல்கள் பலவும் அங்கே தங்கும். பனாமாக் கால்வாய் 1914 இல் திறக்கப்பட்ட பின்னரே அதன் செல்வாக்குச் சரிந்தது. கடலோரம் ஒட்டிய குறுகிய சமநிலத்தில் வங்கிகளும் சுங்க மனையும் பண்டகசாலைகளும்; அதற்குப் பின்னே அரைவட்டமாகச் செங்குத்தான குன்றுகள். ஆங்கிலேய, ஜெர்மானிய வணிகர் பூந்தோட்டங்களோடு வீடு கட்டி வாழ்ந்த குன்றுக்கு 'மகிழ்ச்சிக் குன்று' எனப் பொருள்படும் செர்ரோ அலெக்ரே என்று பெயர். ஏழை மக்கள் வேறு குன்றுகளிலும் அவற்றின் இடுக்குகளிலும் வாழ்ந்தனர். சரிவில் ஏறி இறங்கும் முதல் தூக்குவண்டி 1883 இல் அங்கே ஓடத் தொடங்கியிருந்தது. பெரு, பொலிவியா நாடுகளோடு நிகழ்ந்த போரில் வென்று வெடியுப்பு வளத்தைக் கைக்கொண்ட சிலி, பெருமிதத்தோடு இருந்த காலம் அது. போரில் இறந்த மாலுமிகளுக்கும் அவர்தம் தலைவர் அர்த்தூரோ பிராத்துக்கும் எழுப்பிய நினைவுச்சின்னம், தாரியோ வருவதற்கு ஒரு திங்களுக்கு முன்னர்தான் அத்துறைமுகத்தில் திறக்கப்பட்டிருந்தது.

கடிதங்களுள் ஒன்று எதுவார்தோ புவாரியே என்னும் எழுத்தாளருக்கு உரியது. அவர் காட்டிய அன்பு கடைசிவரை மாறவில்லை. சில வாரங்களில் தலைநகர் சாந்தியாகோவின் 'லா எப்போகா' நாளிதழில் வேலை கிடைத்தது. தொடர்வண்டி நிலையத்தில் அவரை அழைத்துச் செல்ல வந்த செல்வர், இறுகிய மலிவு உடையும் நைந்த பெட்டியுமாக நின்ற இளைஞரைக் கண்டு திகைத்து, ஏற்பாடு செய்திருந்த நல்ல விடுதியையே மாற்றிவிட்டார். அந்தப் பார்வையைத் தாரியோ மறக்கவே இல்லை. நல்லுடை வாங்குவதற்காக உப்பிட்ட மீனும் பியரும் மட்டுமே உணவாகக் கொண்ட நாட்களும் உண்டு. குடியரசுத் தலைவரின் மகன் பேத்ரோ பால்மசேதா அவருக்கு உற்ற நண்பரானார். கூன் விழுந்த உடலும் நோயும் கொண்ட அவ்விளைஞரின் அறையில் பாரிசிலிருந்து வந்த புதிய நூல்களும் இதழ்களும் குவிந்திருந்தன. மத்திய அமெரிக்காவில் பெயரளவில் கேள்வியுற்ற எழுத்தாளர்களை எல்லாம் தாரியோ அங்கே படித்தார். 1887 மார்ச்சில் 'அப்ரோஹோஸ்' என்னும் கவிதைத் தொகுதி வெளிவந்தது. நெருஞ்சி போன்ற முட்செடிகளைக் குறிக்கும் அப்பெயர் அவரது அப்போதைய மனநிலைக்குப் பொருந்துவதே.

அதே ஆண்டின் தொடக்கத்தில் வாந்திபேதி நோய் சிலி முழுதும் பரவிக்கொண்டிருக்க, தாரியோ வால்பரைசோவுக்குத் திரும்பினார். நண்பர்களின் முயற்சியால் சுங்க மனையில் ஒரு சிறு பதவி அமைந்தது. அவர் கடமை தவறாத அலுவலராக இருந்தார் என்று எவரும் சொன்னதில்லை. கணக்கேட்டைக் காட்டிலும் படகுத்துறையே அவரை ஈர்த்தது. சிப்பங்கள் இறங்குவதையும், தோணிகள் கப்பலுக்கும் கரைக்குமாக அலைவதையும், பாரந்தூக்கியின் சங்கிலி ஓலமிடுவதையும் நாள்தோறும் பார்த்தார், தோணிக்காரரோடு பேசினார். தொழிலாளர் நலனில் ஈடுபாடுடைய மருத்துவர் கல்யெகியோஸ் லோர்காவின் நட்பும் அவரைக் குன்றுகளின் ஏழை மக்களிடம் இட்டுச் சென்றது.

'பொதி' என்னும் பொருளுடைய 'எல் பார்தோ' என்ற சிறுகதை அத்துறையிலேயே பிறந்தது. மாலை மங்கும் வேளை. நாள் முழுதும் சுமை ஏற்றிக் காலில் அடிபட்ட முதிய தோணிக்காரர் லூக்காஸ், புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு படகுத்துறையில் அமர்ந்து கடலைப் பார்க்கிறார். அவர் மகன் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகப் போனான், உடல் தாங்கவில்லை. தந்தையோடு மீன்பிடிக்கப் போனான். புயல் படகைப் பறித்தது. பின்பு இருவரும் சரக்குத் தோணியில் கூலிகளானார்கள். ஒருநாள் மூட்டுவலியால் தந்தை எழமுடியாதிருக்க, மகன் தனியே சென்றான். கடைசியாகத் தூக்கப்பட்ட பெரும்பொதி கயிற்றுச் சுருக்கினின்று நழுவி அவன்மேல் விழுந்தது. கதை அவ்வளவே. கேட்டவர் விடைபெற்று நடக்கிறார். குளிர்ந்த கடற்காற்று முகத்தைக் கடிக்கிறது. ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை, அறச்சீற்றமும் இல்லை. அவ்விரண்டும் இல்லாமையே அக்கதைக்கு வலிமை. 1887 ஏப்ரலில் இதழொன்றில் அது வெளியானபோது அவருக்கு வயது இருபதுதான்.

நான்கு திங்களுக்குப் பின் அவ்விதழிலேயே 'துறைமுக ஏடு' எனத் தமிழில் கூறத்தக்க உரைநடைச் சித்திரங்கள் வெளிவந்தன. ரிக்கார்தோ என்னும் கவிஞன், தூரிகையோ வண்ணத்தட்டோ தாளோ எழுதுகோலோ இன்றி, கீழ்நகரத்து இரைச்சலுக்குத் தப்பிக் காட்சிகளைத் தேடிச் செர்ரோ அலெக்ரே மேல் ஏறுகிறான். பசுமை படர்ந்த வேலிகள், ஆங்கிலச் சிறுமியர், தொலைவில் கடல் என ஒவ்வொன்றும் ஓவியத்தின் பெயர் சூடி வருகிறது. ஓவியர் செய்வதை உரைநடையால் செய்துபார்க்கும் அம்முயற்சி ஸ்பானிய மொழிக்கு அன்று புதுமையாய் இருந்தது. ரிக்கார்தோவைத் தாரியோவின் நிழல் என்று கொள்வதில் தவறில்லை. அழகு தேடிப் போன அவன் வழியிலும் ஒரு கொல்லுப்பட்டறை குறுக்கிடுகிறது என்பதைப் படிப்போர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். கரிபடிந்த சுவர்களும் செந்தழலும் சம்மட்டி ஓங்கிய கரங்களும் அங்கே பூந்தோட்டத்திற்கு நிகரான கவனத்தோடு தீட்டப்பட்டுள்ளன.

செல்வரும் அரசியலாளருமான பெதெரிக்கோ வரேலா அவ்வாண்டு ஒரு கவிதைப் போட்டி அறிவித்தார். சிலியின் போர்ப்புகழைப் பாடிய தாரியோவின் காவியப் பாட்டு முதற்பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டது. தம் நெஞ்சை ஊற்றி எழுதிய குறும்பாடல்களோ வரிசையில் வெகுவாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. புவாரியேயுடன் சேர்ந்து 'எமெலினா' என்னும் நாவலையும் மற்றொரு போட்டிக்கென அவசரமாக எழுதினார். பரிசு பெறவில்லை, நூலும் சொல்லும்படியானதன்று. 'எல் எரால்தோ' நாளிதழில் எழுதும் வேலை கிடைத்து விரைவில் பறிபோயிற்று. எழுத்து மிகச் சிறப்பாயிருந்ததே குறையாகக் கூறப்பட்டதென அவரது தன்வரலாறு தெரிவிக்கிறது.

இத்தகைய நெருக்கடிக்கிடையே நண்பர்களின் உதவியால் 'எக்செல்சியோர்' அச்சகத்தில் 'அசூல்' உருவாயிற்று. அச்சொல்லுக்கு நீலம் என்பது பொருள். எதுவார்தோ தெ லா பர்ரா முன்னுரை எழுதினார். நூலில் கவிதையைவிட உரைநடையே மிகுதி. செல்வனான மன்னனின் தோட்டத்தில் இசைப்பெட்டி சுழற்றி, பனியில் மடியும் கவிஞனின் கதை அதில் உண்டு. சாந்தியாகோவில் பட்ட அவமதிப்பு அதில் உறைந்திருக்கிறது. நான்கு பருவங்களைப் பாடும் கவிதைகளுள் கோடைக்கு உரியது வங்கப் பெண்புலியைப் பற்றியது. வேட்டைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் துப்பாக்கிக்கு அது இரையாகிறது. இந்தியாவைக் கண்டறியாத கவிஞர், வால்பரைசோவின் நூலில் இந்தியக் காட்டின் வெப்பத்தை எழுப்பிவிட்டார்.

சிலியில் நூலுக்குப் பெரிய ஆரவாரம் எழவில்லை. ஒரு படி மத்ரித் நகரில் ஹுவான் வலேரா என்னும் மூத்த நாவலாசிரியரைச் சென்றடைந்தது. போட்டி நடத்திய வரேலா வேறு, இவர் வேறு. 1888 அக்டோபரில் 'எல் இம்பார்சியால்' நாளிதழில் இரு கடிதக் கட்டுரைகள் எழுதி, இளங்கவிஞரின் தனித்தன்மையை வலேரா பாராட்டினார்; பிரெஞ்சு மனப்பாங்கு மிகுந்திருப்பதையும் சுட்டினார். வேற்றூரில், சிறு நண்பர் குழாம் துணைநிற்க அச்சான நூலை ஸ்பானிய உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகே.

1889 பிப்ரவரியில் தாரியோ சிலியை விட்டு நீங்கினார். நீங்குமுன் புவனோஸ் அயர்ஸ் நகரின் 'லா நாசியோன்' நாளிதழுக்கு வால்பரைசோவிலிருந்து முதற்கட்டுரையை அனுப்பினார். அத்தொடர்பு வாழ்நாள் முழுதும் அவருக்குச் சோறு போட்டது. பால்மசேதா அவ்வாண்டே இறக்க, நண்பர் நினைவாக ஒரு நூல் எழுதினார். 1890 இல் ரபாயெலா கொந்த்ரேராசை மணந்தார். மூன்றாண்டுக்குள் அவரையும் இழந்தார். 1896 இல் புவனோஸ் அயர்ஸில் வெளிவந்த 'ப்ரோசாஸ் ப்ரோபானாஸ்' அன்னங்களின் கவிஞர் என்னும் பெயரை அவருக்கு நிலைநாட்டிற்று. பின்னர் மத்ரித், பாரிஸ் என அலைந்தார். குடிப்பழக்கம் உடலைத் தின்றது.

பிற்காலத்தில் தம் நூல்களின் வரலாற்றை எழுதிய தாரியோ, 'பொதி' கதை சோலாவைப் படித்த பாதிப்பில் எழுந்ததென்றும், அவ்வழி தம் இயல்புக்கு ஒத்ததன்று என்பதால் மீண்டும் அதில் செல்லவில்லையென்றும் குறிப்பிட்டார். ஆசிரியரே சொன்னதால் திறனாய்வாளர் பலரும் அக்கதையை ஓரத்தில் வைத்தனர். இதில் ஆசிரியர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1890 இல் குவாத்தமாலாவில் 'அசூல்' விரிவாக்கப்பட்டபோது அக்கதையை அவர் நீக்கவில்லை. நடையை விட்டார் எனலாம். கண்ணை விட்டார் எனல் பொருந்தாது. 1904 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டை நோக்கிப் பாடிய கவிதையில், வலியவரின் எடை எளியவர்மேல் இறங்குவதை அறிந்த குரலே ஒலிக்கிறது. அக்கவிதை இடம்பெற்ற 1905 ஆம் ஆண்டுத் தொகுதியே அவரது கவிதையின் உச்சம் என்பர். அன்னத்தைப் பாடுவோரும் பொதியைப் பாடுவோரும் எதிரெதிர் அணிகளாய் நின்று வழக்கிடும்போது, இருவருமே தாரியோவைப் பாதியாகவே படிக்கின்றனர்.

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவை விட்டகன்று, நோயுற்றவராய் நிகராகுவா திரும்பினார். 1916 பிப்ரவரி 6 அன்று, தாம் வளர்ந்த லெயோன் நகரில் 49 ஆம் வயதில் மறைந்தார். அந்நகரின் பேராலயத்தில், தூய பவுலின் சிலையடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைமேல் துயருற்ற சிங்கம் ஒன்றைச் சிற்பி செதுக்கி வைத்தார்.