வழிகாட்டிகளின் பின்னால் நடந்தவர்
சகாராப் பாலைவனத்தின் புனித சாள்ஸ் டி பூக்கோ



2022ம் ஆண்டு மே மாதம் 15ந் திகதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றுதான் நம்மவரான தேவசகாயம்பிள்ளை உரோமாபுரியிலே புனிதராக உயர்த்தப்பட்டார். நம் ஊர்களிலே அவருடைய கதையைக் கூத்தாக ஆடியும் பார்த்தும் வளர்ந்தவர்கள் அன்று தொலைக்காட்சியின் முன் கண்ணீர் மல்க அமர்ந்திருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அன்று பத்துப் பேரின் பெயர்களை வாசித்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சாள்ஸ் டி பூக்கோ, பிரான்சு நாட்டவர். தேவசகாயத்தின் பெயரைக் கேட்ட மகிழ்ச்சியில் இவருடைய பெயரை நம்மிற் பலர் கவனிக்காமலே விட்டுவிட்டோம்.

அல்ஜீரியா நாட்டின் தென்கோடியிலே, சகாராவின் நடுவில், தமன்றாசெற் என்றொரு பட்டணம் உண்டு. அங்கிருந்து அசெக்ரெம் என்னும் மலைக்குச் சுமார் 80 கிலோமீற்றர் தூரம். வெளிநாட்டவர் இன்று அங்கே தாமாகப் போய்விட முடியாது. வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, தண்ணீர், அரிசி, விறகு, கம்பளி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கல்லும் சரளையுமான பாதையிலே குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். இரவில் நடுங்கவைக்கும் குளிர். விடியற்காலையில் மலைமேல் ஏறினால், எண்ணற்ற கருங்கற் சிகரங்களின் மேல் சூரியன் எழுவதைக் காணலாம். அந்த உச்சியிலே, சுமார் 2,700 மீற்றர் உயரத்தில், கல்லால் அடுக்கிய சிறு வீடொன்று நிற்கிறது. அதைக் கட்டியவர் சாள்ஸ். இன்று பயணிகள் வண்டியிற் போகும் அந்த நாட்டுக்கு அவர் பெரும்பாலும் நடந்து போனார். அவருக்கும் வழிகாட்டிகள் இருந்தார்கள். அவருடைய வாழ்வையே அந்த வழிகாட்டிகளின் வரலாறாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1858 செப்டெம்பர் 15, ஸ்ட்ராஸ்பூர்க் நகரில். ஆறு வயதாகுமுன்னே தாயும் தந்தையும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். பாட்டனார் வளர்த்தார். பதின்ம வயதிலே விசுவாசத்தை இழந்தார். இராணுவக் கல்லூரியிற் படித்தார்; பாட்டனார் இறந்ததும் பெருஞ்செல்வம் கையில் வந்தது; விருந்தும் களியாட்டமுமாய்ச் செலவழித்தார். அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி, ஒழுக்கக்கேட்டின் காரணமாக 1881ல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தம் படைப்பிரிவு போருக்குப் போகிறதென்று கேள்விப்பட்டுத் திரும்பவும் வந்து சேர்ந்தார். போர் முடிந்ததும் 1882ல் பதவியை விட்டு விலகினார். அந்தப் பாலைநிலம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டுவிட்டது.

அக்காலத்தில் மொறொக்கோ கிறிஸ்தவர்களுக்கு மூடப்பட்ட நாடு. அதன் உட்பகுதிக்குள் நுழைந்த ஐரோப்பியர் உயிருடன் திரும்புவது அரிது. அதன் நிலப்படத்தை வரையவேண்டும் என்று சாள்ஸ் முடிவுசெய்தார். அல்ஜியர்ஸ் நகரிலே அவருக்குக் கிடைத்த வழிகாட்டி மர்தொக்கே ஆபி செரூர் என்ற யூத குரு. எஸ்தர் ஆகமத்தில் வரும் மொர்தக்காயின் பெயர்தான் அது. தென் மொறொக்கோவிற் பிறந்து, சகாராவைக் கடந்து திம்புக்து வரை போய் வியாபாரம் செய்து, கொள்ளையர் கையில் பொருளை இழந்து, முதுமையை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். மாதச் சம்பளம் 270 பிராங். இடையிலே கைவிட்டுப் போனால் சம்பளம் இல்லை என்பது உடன்படிக்கை.

சாள்ஸ் தாமும் ஒரு யூத குருவாக வேடம் பூண்டு, யோசேப் அலெமான் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1883 ஜூனில் இருவரும் புறப்பட்டார்கள். ஐந்து சென்ரிமீற்றர் சதுரமான சின்னஞ்சிறு கொப்பியொன்று அவருடைய இடது உள்ளங்கையில். இரண்டு சென்ரிமீற்றர் நீளமான பென்சில் வலது கையில். நீண்ட அங்கியின் கைக்குள் எல்லாம் மறைந்துவிடும். வழித்துணையாக வருபவர்களுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டு, ஆற்றின் வளைவையும் மலையின் உயரத்தையும் குறித்துக்கொள்வார். வேற்று யூதன் என்று எண்ணிச் சிறுவர்கள் அவர்மேல் கல்லெறிந்தார்கள். பெரியவர்கள் ஏளனம் செய்தார்கள். பிரபு குலத்திற் பிறந்தவர் வாய் திறவாமற் பொறுத்துக்கொண்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். மர்தொக்கே அபாயமான பாதைகளைத் தவிர்க்கவே விரும்பினார். சாள்ஸ் அந்தப் பாதைகளையே நாடினார். நாள்தோறும் சச்சரவு. இவர் சோம்பேறி, கோழை என்றெல்லாம் சாள்ஸ் தம் வீட்டாருக்கு முறையிட்டார். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு வயோதிபரின் அச்சம் புரியவில்லை. அந்த நிலத்திலே பொருளையெல்லாம் இழந்தவரின் அச்சம் அது என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. கீர்த்தி முழுவதும் பின்னர் சாள்சுக்கே போய்ச் சேர்ந்தது. மர்தொக்கே 1886ல் இறந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

சகாராவின் விளிம்பிலுள்ள திசிந்த் என்னும் பசுஞ்சோலையிலே இரண்டாவது வழிகாட்டி கிடைத்தார். அவர் முஸ்லிம், மக்காவுக்குப் போய்வந்த ஹாஜி பூ றஹிம். கைப்பணம் தீர்ந்துபோன சாள்சை மேற்குக் கரையிலுள்ள மொகடோர் துறைமுகம் வரை கூட்டிச்சென்று, பாரிசிலிருந்து பணம் வரும்வரை காத்திருந்து, திரும்பவும் அழைத்துவந்தவர் இவரே. வந்திருப்பவன் யூதனல்ல, கிறிஸ்தவன் என்று அவர் விரைவிலேயே ஊகித்துக்கொண்டார். காட்டிக்கொடுத்திருந்தால் பரிசு கிடைத்திருக்கும். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. சாள்ஸ் தாமே உண்மையைச் சொன்னபோது அவருடைய அன்பு இன்னும் கூடியது. இரண்டு தடவை தம் உயிரைப் பணயம் வைத்துத் தம்மைக் காத்தார் என்று சாள்ஸ் பிற்காலத்தில் தம் நூலிலே நன்றியோடு எழுதினார்.

எல்லா வழித்துணைகளும் அப்படியல்ல. பயணத்தின் இறுதிக் கட்டத்தில், 1884 மே மாதத்தில், கூலிக்கு அமர்த்திய காவலர் மூவரில் இருவர் அவரைப் பிடித்துப் பணத்தைப் பறித்தார்கள். கொன்றுவிடலாமா என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மூன்றாமவர் இணங்காதபடியால் உயிர் தப்பியது. மே 23ந் திகதி அவர் அல்ஜீரிய எல்லையை அடைந்தபோது பயணம் தொடங்கிப் பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. மறு ஆண்டு பாரிஸ் புவியியற் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது.

பதக்கத்தை விடப் பெரியதொன்றை அவர் கொண்டுவந்திருந்தார். கொளுத்தும் வெயிலிலும் வேளை தவறாமல் நிலத்திலே விழுந்து இறைவனைத் தொழும் முஸ்லிம்களைக் கண்ட காட்சி அவரை உலுக்கிவிட்டது. உலக அலுவல்களை விடப் பெரிய ஒன்று உண்டோ என்ற கேள்வி எழுந்தது. கோவிலுக்குப் போகாதவர் கோவிலுக்குள் போய் உட்காரத் தொடங்கினார். 1886 ஒக்ரோபர் இறுதியில் ஒரு காலை, பாரிசிலே புனித அகுஸ்தீனார் ஆலயத்திலிருந்த உவெலின் என்ற குருவானவரிடம் போய், வேதம் பற்றி அறிய வந்திருக்கிறேன் என்றார். குருவானவர் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. முழந்தாளிடச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வித்து, அப்போதே நற்கருணை வழங்கினார். நாங்கள் குருக்கள் பலமுறை நினைத்துப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி இது. அன்று முதல் உவெலின் சுவாமியே அவருக்கு வழிகாட்டி.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1890ல் திராப்பிஸ்ற் துறவியர் மடத்திற் சேர்ந்தார். சில மாதங்களின் பின் சிரியாவிலிருந்த அவர்களின் ஏழை மடமொன்றுக்குப் போனார். அந்த வறுமையும் போதாதென்று 1897ல் வெளியேறி, நாசரேத்தூரில் கிளாரா சபைக் கன்னியரின் மடத்திலே வேலைக்காரராக இருந்தார். 1901 ஜூன் 9ல் குருவானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் சகாராவுக்குத் திரும்பி, மொறொக்கோ எல்லையருகே பெனி அப்பேஸ் என்னும் இடத்திலே மண்ணால் ஒரு மடம் கட்டினார். அடிமைகள், பிச்சைக்காரர், வழிப்போக்கர், போர்வீரர் எல்லாரும் கதவைத் தட்டினார்கள். தம்மை எல்லாருக்கும் சகோதரன் என்று அழைக்கச் சொன்னார். பிரெஞ்சு ஆட்சி கண்டும் காணாததுபோலிருந்த அடிமை வியாபாரத்தைக் கண்டித்து மேலிடங்களுக்கு எழுதினார். இயன்றபோது அடிமைகளைப் பணங்கொடுத்து மீட்டார்.

1904ல் அவருடைய பழைய நண்பர் லப்பெறின் என்னும் படையதிகாரி, தெற்கே துவாரெக் மக்களின் நாட்டுக்குப் போகும் அணியோடு வரும்படி அழைத்தார். ஒட்டக அணியென்றால் எப்படியிருக்கும் என்று நீங்கள் கற்பனைசெய்து பாருங்கள். ஆட்டுத்தோற் பைகளிலே தண்ணீர். இரண்டு நாளில் அதில் தோல் நாற்றம் ஏறிவிடும். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே பல நாள் வழி. எந்தக் கிணறு வற்றிவிட்டது, எங்கே ஒட்டகத்துக்குத் தழை உண்டு என்பதெல்லாம் வழிகாட்டியின் தலைக்குள்ளேதான் இருக்கும். அவன் வழி தவறினால் எல்லாரும் மடியவேண்டியதுதான். அந்த நிலத்தை அணுவணுவாக அறிந்திருந்த லப்பெறினே 1920ல் ஆகாய விமானத்திலே வழிதவறி விழுந்து, உதவி வருமுன் பாலைவனத்தில் இறந்துபோனார்.

சகோதரர் சாள்ஸ் பெரும்பாலும் கால்நடையாகவே போனார். தங்கிய இடங்களிலெல்லாம் துவாரெக் மொழியைக் கற்றார். நான்கு சுவிசேஷங்களையும் அம்மொழிக்குப் பெயர்க்கத் தொடங்கினார். மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் வழிநடந்து, 1905 ஓகஸ்ற் 13ல் தமன்றாசெற் வந்துசேர்ந்தார். அப்போது அங்கே இருந்தவை இருபது குடிசைகள். துவாரெக் தலைவர் மூசா அக் அமஸ்தான் அங்கே தங்க இடங்கொடுத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மழையில்லை. ஆடுகள் பால் வற்றின. குழந்தைகள் பசியாற் துடித்தன. தம்மிடமிருந்த தானியத்தைச் சகோதரர் பகிர்ந்து கொடுத்துவிட்டார். பூசைக்குத் துணையாக ஒருவராவது இல்லாமற் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாகாது என்பது அக்காலச் சட்டம். ஆகையால் 1907 நத்தார் இரவிலே அவருக்குத் திருப்பலி இல்லை. தம் வாழ்நாளெல்லாம் திருப்பலிக்காகவே ஏங்கியவர், பாலைவனத்தின் நடுவில் அதுவுமின்றித் தனித்திருந்தார். 1908 சனவரியில் நோயில் விழுந்தார். அசையவும் முடியவில்லை, சாவு நெருங்கிவிட்டதென்றே எண்ணினார்.

அப்பொழுது அயலவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு கிலோமீற்றர் சுற்றுவட்டத்திலே சிறிதளவேனும் பால் தரக்கூடிய ஆடுகளையெல்லாம் தேடிக் கறந்து, அந்தப் பாலை அவருக்குக் கொண்டுவந்து ஊட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே பாலில்லாத நாட்கள் அவை. அதுவரை கொடுப்பவராகவே இருந்தவர், கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லாமற் படுத்திருந்தபோது, அந்த ஏழை முஸ்லிம்களின் கையிலிருந்து உயிரைப் பெற்றுக்கொண்டார். மூசாவோடும் அவருடைய மக்களோடும் அவருக்கிருந்த நட்பு உண்மையில் அங்கேதான் ஆழமானது என்று அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அம்மாத இறுதியிலே, தனியாகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க உரோமை அனுமதித்துவிட்டது என்ற செய்தியும் வந்தது.

அதன்பின் ஆண்டுகள் துவாரெக் மொழிக்கே போயின. நாளொன்றுக்குப் பல மணி நேரம் மேசையடியில் இருந்து, அம்மக்களின் பாடல்களை ஆயிரக்கணக்கான அடிகளாக எழுதிக்கொண்டார். அவர் ஆக்கிய அகராதி 1951, 1952ம் ஆண்டுகளில் நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஆயினும் தமன்றாசெற்றில் ஒரு துவாரெக்கும் அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. தம்மைப் பின்பற்றுவோர் வருவார்கள் என்று சபை விதிகள் எழுதிவைத்தார். அவர் உயிரோடிருந்தவரை எவரும் வந்து நிலைக்கவில்லை. இயேசுவின் சிறிய சகோதரர் சபை 1933லும், சிறிய சகோதரிகள் சபை 1939லுமே தோன்றின.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. பிரெஞ்சு ஆட்சியால் அம்மக்களுக்கு நன்மை விளையும் என்று அவர் நம்பினார். படையதிகாரிகளுக்குத் தகவல் எழுதினார். 1914ல் உலகப்போர் மூண்டது. கொள்ளையரிடமிருந்து ஊர்மக்களைக் காக்க அவர் கோட்டைபோன்ற வீடொன்றைக் கட்டினார். அதற்குள் ஆயுதங்களும் வைக்கப்பட்டன. அன்னிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த நமக்கு இது உறுத்தாமல் இராது.

1916 டிசம்பர் 1, முதல் வெள்ளிக்கிழமை. மாலை இருட்டும் நேரம். அவரிடம் உதவி பெற்ற ஒருவன் வெளியே நின்று, தபால் வந்திருக்கிறது என்று குரல் கொடுத்தான். பழக்கமான குரல். கதவைத் திறந்து கையை நீட்டினார். மறைந்திருந்த ஆயுதக் கூட்டம் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தது. கைகளைப் பின்னால் கட்டி, முழந்தாளில் இருத்தி, பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் காவல் வைத்துவிட்டு வீட்டைக் கொள்ளையிட்டார்கள். அவர் பேசாமல் இருந்தார். ஒட்டகப் படைவீரர் இருவர் தற்செயலாக அவ்வழி வந்தபோது கூட்டத்திற் கலவரம் உண்டாயிற்று. பதற்றத்திலே பையன் துப்பாக்கியால் அவர் தலையிற் சுட்டுவிட்டான். அவருக்கு வயது 58.

சுமார் மூன்று வாரங்களின் பின் படையதிகாரி ஒருவர் அங்கே வந்து, சிதறிக்கிடந்த கடதாசிகளைப் பொறுக்கினார். மணலுக்குள்ளே ஏதோ தென்பட்டது. கிளறியபோது அது நற்கருணைக் கதிர்ப்பாத்திரம். அதனுள்ளே நற்கருணை அப்படியே இருந்தது.

சாவுச் செய்தி மூசா அக் அமஸ்தானை அடைந்தது. அவர் பிரான்சிலிருந்த சாள்சின் தங்கைக்குக் கடிதம் அனுப்பினார். செய்தி கேட்டதும் தம் கண்கள் மூடிக்கொண்டன என்றும், எல்லாம் தமக்கு இருண்டுவிட்டது என்றும், மிகவும் அழுதேன் என்றும் எழுதியிருந்தார். உங்கள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டு, இறைவன் அவர்மேல் இரக்கம் வைப்பாராக, நாமும் அவரோடு மோட்சத்திலே சந்திப்போமாக என்று அந்த முஸ்லிம் தலைவர் கடிதத்தை முடித்திருந்தார்.